எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்கு எந்த சூப்பர்நோவா எச்சம்: கேஸ் ஏ, டைக்கோ, எஸ்என் 1006, சிக்னஸ் லூப்?

வேலூர், காட்பாடி, திருப்பத்தூர் பக்கத்துக் கல்லூரிகளில் எம்.எஸ்சி. இயற்பியல் கடைசி செமஸ்டரில் இருப்பவர்கள் வானியற்பியலில் ப்ராஜெக்ட் எடுக்க வந்தால், முதலில் கேட்பது ஏறக்குறைய ஒன்றேதான்: "சார், சூப்பர்நோவா எச்சம் எடுக்கலாம்னு இருக்கேன், கேஸ் ஏ நல்லா இருக்குமா?" வெடித்த நட்சத்திரம் சிதறி விரிந்துகொண்டிருக்கும் மிச்சத்தைத்தான் சூப்பர்நோவா எச்சம் என்கிறோம், அதன் சூடான வாயுவை எக்ஸ்-கதிரில் பார்ப்பார்கள்; கேஸ் ஏ, அதாவது காசியோபியா ஏ, அப்படி ஒன்று. படம் நன்றாகத்தான் இருக்கும். ப்ராஜெக்ட் நன்றாக இருக்குமா என்பது வேறு விஷயம். ஜனவரியில் தலைப்பு கொடுத்து ஏப்ரலில் வைவா, நடுவில் பொங்கல், செய்முறைத் தேர்வு, எட்டு ஜிபி லேப்டாப், ராத்திரி பதினோரு மணிக்கு மேல்தான் ஒழுங்காக ஓடும் ஹாஸ்டல் வைஃபை, எக்ஸ்-கதிர் வானியலில் பழக்கம் இல்லாத கைடு. இந்த நிலைமைக்கு எது ஒத்துவரும் என்று பார்த்துத்தான் எழுதுகிறேன்.

காசு ஒரு பிரச்சினையே இல்லை. 1999-ல் மேலே போன சந்திரா எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கி (பெயர் நம் சுப்பிரமணியன் சந்திரசேகர் நினைவாக வைத்தது) எடுத்த டேட்டா யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். அதே வருஷம் ஐரோப்பியர்கள் அனுப்பிய எக்ஸ்எம்எம்-நியூட்டன் டேட்டாவும் அப்படியே. அந்த டேட்டாவை அலசும் சியாவ், நிறமாலைக்கு மாடல் பொருத்தும் எக்ஸ்ஸ்பெக், படம் பார்க்கும் டிஎஸ்9 எல்லாம் இலவச சாஃப்ட்வேர். சியாவை நிறுவினால் அதற்குள்ளேயே மாடல் பொருத்தும் ஷெர்பா வரும், எக்ஸ்ஸ்பெக் மாடல்களும் அதோடு சேர்ந்தே வரும் என்பதால் தனியாக மல்லுக்கட்டத் தேவையில்லை. ஆக, முடிவு செய்ய வேண்டியது எந்த எச்சம் என்பது மட்டும்தான்.

இன்னொரு கேள்வியையும் இங்கேயே முடித்துவிடலாம், காவலூர் வானாய்வகத்திலிருந்து பார்க்க முடியாதா என்பது. எக்ஸ்-கதிர் காற்று மண்டலத்தைத் தாண்டிக் கீழே வராது, ஜவ்வாது மலைமேல் 725 மீட்டர் உயரத்தில் இருந்தாலும் சரி, எவரெஸ்ட் மேல் இருந்தாலும் சரி. அங்கே இருக்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கி கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கானது. (காவலூர் இப்போது திருப்பத்தூர் மாவட்டம், தெரியும். எங்கள் தலைமுறைக்கு எல்லாமே வட ஆற்காடுதான்.)

சரி, எச்சம் எப்படி வளர்கிறது என்று கொஞ்சம் பார்த்துவிட்டால் எதை எடுப்பது என்பது பாதி தெரிந்துவிடும். நட்சத்திரம் வெடிக்கும்போது சிதறும் பொருளோடு போகும் ஆற்றல் வழக்கமாக 10-ன் 51-ஆம் அடுக்கு எர்க் அளவில் இருக்கும். முதலில் அந்தப் பொருள் விநாடிக்கு 10,000 கி.மீ. வேகத்தில் தடையில்லாமல் பறக்கும், அதற்கு முன்னால் ஓர் அதிர்ச்சி அலை விண்மீனிடை வாயுவைச் சுருக்கிச் சூடாக்கிக்கொண்டே போகும். அள்ளிச் சேர்த்த வாயுவின் நிறை சிதறிய பொருளின் நிறைக்கு ஈடாகும்போது வேகம் தளரும். தளர்வதன் விளைவாக இன்னோர் அலை உள்பக்கமாகத் திரும்பி, விரிந்து குளிர்ந்துபோயிருந்த சிதறலைத் திரும்பவும் கோடிக்கணக்கான டிகிரிக்குச் சூடாக்கும். எக்ஸ்-கதிர் நிறமாலையில் அந்தந்தத் தனிமத்துக்கு உரிய ஆற்றலில் தெரியும் சிலிக்கன், கந்தகம், இரும்புக் கோடுகள் எல்லாம் பெரும்பாலும் இந்தப் பின்னோக்கிய அலையின் கைவேலை. அதற்கப்புறம் செடோவ் கட்டம் (அள்ளிய வாயுவின் நிறையே மேலோங்கும் நிலை), ஆரம் காலத்தின் 2/5 அடுக்காக வளரும். கடைசியில் வேகம் விநாடிக்கு 200 கி.மீ. அளவுக்கு இறங்கும்போது வாயு ஒளியை வீசியே ஆற்றலை இழந்துவிடும், எக்ஸ்-கதிர் மங்கும், கண்ணால் பார்க்கக்கூடிய மெல்லிய ஒளியிழைகள் தெரிய ஆரம்பிக்கும்.

இதில் எச்சத்தின் வயசை வருஷத்தை வைத்து மட்டும் சொல்லிவிட முடியாது. சுற்றியிருக்கும் வாயு எவ்வளவு மெலிதோ அவ்வளவு மெதுவாகத்தான் எச்சம் மூப்படையும். 1.4 சூரிய நிறையுள்ள சிதறல், கன சென்டிமீட்டருக்கு ஓர் அணு இருக்கும் வாயுவில் தன் நிறைக்கு ஈடான வாயுவை 2 பார்செக் (ஒரு பார்செக் 3.26 ஒளியாண்டு) ஆரத்திலேயே அள்ளிவிடும். அணு எண்ணிக்கை 0.05 என்றால் கிட்டத்தட்ட 6 பார்செக் போக வேண்டும். 0.05 என்பது எவ்வளவு மெலிது என்றால், 20 மில்லி மருந்துக் குப்பிக்குள் ஒரே ஓர் அணு. அப்படிப்பட்ட இடத்தில் மோதல் அபூர்வம், மோதல் இல்லாவிட்டால் எலெக்ட்ரான் ஒவ்வொன்றாகக் கழன்று வர நாளாகும், அதனால் வாயு 'சூடாகிவிட்டது' என்று நாம் சொன்னாலும் அதன் அயனிகள் அந்தச் சூட்டுக்கு இன்னும் வந்து சேர்ந்திருக்காது. கணக்காகச் சொன்னால், எலெக்ட்ரான் அடர்த்தியையும் விநாடியில் காலத்தையும் பெருக்கினால் 10-ன் 12-ஆம் அடுக்கு அளவுக்கு வர வேண்டும், அப்போதுதான் அயனியாக்கம் சமநிலைக்கு வந்தது என்று வைத்துக்கொள்ளலாம். அதிர்ச்சி அலை அடர்த்தியை நான்கு மடங்காக்கும் என்று எடுத்துக்கொண்டாலும், 0.05 உள்ள இடத்தில் இதற்கு ஒன்றரை லட்சம் வருஷம் ஆகும். பிரகாசம் அடர்த்தியின் இருமடியைப் பொறுத்தது, ஆகவே அடர்த்தி இருபதில் ஒரு பங்கானால் ஒரே கனஅளவிலிருந்து வரும் எக்ஸ்-கதிர் நானூறில் ஒரு பங்காகிவிடும்.

நான்கு பேரைப் பார்ப்பதற்கு முன்னால் கேட்காமல் வரும் இரண்டு பேரைத் திருப்பி அனுப்பிவிடுவோம். கிராப் நெபுலா வேண்டாம். 1054-ல் வெடித்தது, பிரபலமானது, பிரகாசமானது, எல்லாம் சரி, ஆனால் அதன் எக்ஸ்-கதிர் நடுவில் சுழலும் பல்சார் (மிச்சமான நியூட்ரான் நட்சத்திரம்) வேலை, வாயுவில் மோதிச் சூடான ஓடு அங்கே கிடைக்காது. ஐசி 443 மாதிரி மேகக்கூட்டத்துக்குள் வெடித்தவையும் வேண்டாம். அங்கே அயனிகள் தலைகீழாக, சூட்டுக்கு மிஞ்சி அயனியாகி இப்போது எலெக்ட்ரானைத் திரும்பப் பிடித்துக்கொண்டிருக்கும், அது பிஎச்.டி. சமாச்சாரம்.

இப்போது கேஸ் ஏ. சுமார் 11,000 ஒளியாண்டு தூரம், 340, 350 வருஷ வயசு, அகலம் 5 ஆர்க்மினிட் (ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்குதான் ஆர்க்மினிட்), சந்திராவின் ஒரே சிப்புக்குள் அடங்கிவிடும். சந்திராவின் முதல் படமே இதுதான், 1999 ஆகஸ்டில். 2004-ல் 10 லட்சம் விநாடி பார்த்து 28 கோடி ஃபோட்டான் சேர்த்தார்கள். இவ்வளவு டேட்டா இருப்பது ஒரு மாணவருக்கு வரம் என்று தோன்றும், ஆனால் தொல்லையே அதுதான். ஃபோட்டான் எண்ணிக்கை அதிகமானால் பிழைப்பட்டை சுருங்கும், பிழைப்பட்டை சுருங்கினால் எந்த எளிய மாடலும் பொருந்தாது, பொருந்தாவிட்டால் கைடு இன்னொரு கூறு சேர்க்கச் சொல்வார், அதுவும் பொருந்தாது, மார்ச் முடிந்துவிடும். அதோடு, வெடித்த நட்சத்திரம் முன்பே தன் காற்றை வீசி வைத்திருந்ததால் இது சீரான வாயுவுக்குள் விரியவில்லை. நடுவில் அடர்த்தி அதிகமாகவும் வெளியே போகப்போகக் குறைவாகவும் இருக்கும் ஊடகத்துக்குள் விரிகிறது. பாடப்புத்தகத்து செடோவ் சமன்பாட்டை அப்படியே போட முடியாது. உள்ளே இருந்திருக்க வேண்டிய இரும்பு சில இடங்களில் சிலிக்கனுக்கு வெளியே கிடக்கிறது என்று 2000-லேயே காட்டிவிட்டார்கள். இதற்கு மேல் நான்கு மாதத்தில் நீங்கள் புதிதாக என்ன சொல்லிவிடப் போகிறீர்கள்?

டைக்கோ அப்படி இல்லை, மரியாதையான ஆள். 1572 நவம்பரில் டைக்கோ பிராஹே பார்த்துக் குறித்து வைத்தது, ஆகவே வயசில் சந்தேகமே கிடையாது. வெள்ளைக் குள்ளன் (எரிபொருள் தீர்ந்து சுருங்கிய நட்சத்திரம்) வெடித்த ஒன்றுஏ (Ia) வகை என்பதை, தூசு மேகங்களில் பட்டுத் தாமதமாக வந்து சேர்ந்த அன்றைய வெளிச்சத்தின் எதிரொளியைப் படித்து 2008-ல் உறுதி செய்தார்கள். அகலம் 8 ஆர்க்மினிட், உருண்டை, சுற்றி வாயு மெலிது, கன சென்டிமீட்டருக்கு 0.1 முதல் 0.2 வரை, வடகிழக்கில் மட்டும் கொஞ்சம் அடர்த்தி. நிறமாலையைத் திறந்தால் 1.86 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் சிலிக்கன் கோடு முகத்தில் அறையும், அப்புறம் கந்தகம், ஆர்கான், கால்சியம், 6.45 பக்கத்தில் இரும்பு. இந்த இரும்புக் கோட்டின் இடத்தைக் கவனியுங்கள்: சமநிலைக்கு வந்த சூடான வாயுவில் அது 6.7-ல் இருக்க வேண்டும். 6.45-ல் இருப்பதால், இரும்பு இன்னும் நிறைய எலெக்ட்ரான்களைக் கையிலேயே வைத்திருக்கிறது என்று ஒரு கோட்டை வைத்தே சொல்லிவிடலாம். வைவாவில் கேட்டால் பத்து நிமிஷம் பேசலாம்.

டைக்கோவில் இன்னொரு வசதி, 2000-லிருந்து 2015 வரை சந்திரா இதைத் திரும்பத் திரும்பப் படம் எடுத்திருக்கிறது, விளிம்பு நகர்வதை நீங்களே அளக்கலாம். வருஷத்துக்கு 0.2 முதல் 0.4 ஆர்க்செகண்ட் (ஆர்க்மினிட்டில் அறுபதில் ஒரு பங்கு) நகர்கிறது. ஆரம் சுமார் 240 ஆர்க்செகண்ட், வயசு சுமார் 450 வருஷம், சராசரி வேகம் வருஷத்துக்கு 0.53. இப்போதைய வேகத்தை இந்தச் சராசரியால் வகுத்தால் 0.4-க்கும் 0.75-க்கும் நடுவில் வரும். தடையில்லாத விரிவு என்றால் 1, செடோவ் என்றால் 0.4. தூரம் தெரியாமலேயே எச்சம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டீர்கள்! டைக்கோவின் தூரத்தில் இன்னும் தகராறு இருப்பதால் இந்தக் கணக்கு இரட்டிப்பு அழகு. நம் அஸ்ட்ரோசாட்டின் மென் எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கியும் டைக்கோவைப் பார்த்திருக்கிறது. அதில் 2 ஆர்க்மினிட்டுக்குக் கீழான விவரமெல்லாம் கலங்கிப்போகும் என்றாலும் மொத்த நிறமாலைக்குத் தாராளமாகப் போதும், இந்தியச் செயற்கைக்கோள் டேட்டா என்றால் நம் ஊர் வைவாவில் தனி மதிப்பு என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

ஆனால் என்னைக் கேட்டால் நான் எடுப்பது எஸ்என் 1006. 1006 மே மாதம் தெற்கு வானத்தில் தெரிந்தது, வெள்ளியைவிடப் பல மடங்கு பிரகாசமாக, எழுத்தில் பதிவான வெடிப்புகளிலேயே அதிகப் பிரகாசமானது. எகிப்திலும் சீனாவிலும் எழுதி வைத்தார்கள். இங்கே அப்போது ராஜராஜன் ஆட்சி, பொன்னையாற்றங்கரையில் மேல்பாடியில் தன் பாட்டன் அரிஞ்சயனுக்காக அவன் எடுப்பித்த கோயில் அந்தக் காலத்தையொட்டியதுதான். இன்றைக்கும் வேலூரிலிருந்து அந்த இடம் தெற்கே 35 டிகிரி உயரம் வரை ஏறும், வெறுங்கண்ணுக்கு ஒன்றும் தெரியாது.

இதை நான் தேர்ந்தெடுக்கக் காரணம், இது பால்வெளித் தட்டிலிருந்து விலகி, மெலிந்த வாயுவுக்குள் கிடக்கிறது. பெரும்பாலான பக்கம் கன சென்டிமீட்டருக்கு 0.05 அளவு, வடமேற்கில் மட்டும் அதைவிடச் சில மடங்கு அதிகம். ஒரே வெடிப்பு, ஒரே வயசு, ஒரே தூரம், சுமார் 7,000 ஒளியாண்டு. மாறுவது வெளியே இருக்கும் வாயு மட்டும். ஆய்வுக்கூடத்தில் நாமே செட் பண்ணினாலும் இப்படி அமையாது. வடகிழக்கு விளிம்பில் அலை விநாடிக்கு 5,000 கி.மீ. வேகத்தில் போகிறது, நிறமாலையில் கோடே இல்லாமல் வழவழவென்று ஒரு சரிவு மட்டும். அது வெப்பக் கதிர் இல்லை, காந்தப்புலத்தில் சுழலும் அதிவேக எலெக்ட்ரான்களின் சின்க்ரோட்ரான் கதிர். ஜப்பானின் ஆஸ்கா செயற்கைக்கோள் 1995-ல் இதைக் காட்டியபோதுதான், அண்டக்கதிர்கள் இப்படிப்பட்ட ஓடுகளில் முடுக்கப்படுகின்றன என்ற பழைய ஊகத்துக்கு எலெக்ட்ரான் அளவிலாவது கண்ணெதிரே ஆதாரம் வந்தது. வடமேற்கு விளிம்பில் அலை 3,000 கி.மீ.க்கு இறங்கிவிட்டது, அங்கே சாதாரண வெப்பக் கதிர், ஆக்சிஜன் கோடுகள். இரண்டு விளிம்பிலும் ஒவ்வொரு பெட்டி போட்டு, இரண்டு நிறமாலை எடுத்து, ஒன்றுக்கு அடுக்குவிதி மாடலும் இன்னொன்றுக்குச் சமநிலை எட்டாத அயனியாக்க மாடலும் பொருத்தினாலே ஒரு முழு ப்ராஜெக்ட் தயார்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. வடமேற்கில் எலெக்ட்ரான் வெப்பநிலை 1.5 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் என்று வரும் (வெப்பநிலையாக ஒரு கிலோ எலெக்ட்ரான் வோல்ட் என்பது சுமார் 1.16 கோடி டிகிரி). அதை எடுத்து அதிர்ச்சி அலைச் சமன்பாட்டில் போட்டால் வேகம் 1,100 கி.மீ. என்று விடை கிடைக்கும், உண்மையில் 3,000. எங்கே போனது மிச்சம்? எக்ஸ்எம்எம்-நியூட்டன் டேட்டாவை வைத்து 2003-ல் ஆக்சிஜன் கோட்டின் அகலத்தை அளந்தபோது ஆக்சிஜன் அயனிகளின் வெப்பநிலை சுமார் 500 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் என்று வந்தது. வாயு அவ்வளவு மெலிது, கனமான அயனிகள் வைத்திருக்கும் சூட்டை எலெக்ட்ரான்களோடு பகிர்ந்துகொள்ள ஆயிரம் வருஷம் போதவில்லை. அடர்த்தியான வாயுவில் வெடித்த எச்சத்தில் இந்த வித்தியாசம் இவ்வளவு அப்பட்டமாகத் தெரியாது. 'மெலிந்த வாயுவில் எக்ஸ்-கதிர் எப்படி உண்டாகிறது' என்பது தலைப்பு என்றால், இதைவிட நல்ல பொருள் வானத்தில் எனக்குத் தெரியவில்லை.

கஷ்டங்களையும் சொல்லிவிட வேண்டும். அகலம் 30 ஆர்க்மினிட், முழுநிலவு அளவு, சந்திராவின் பார்வைப் புலத்துக்குள் முழுசாக வராது. முழுப்படம் வேண்டும் என்று பல அவதானிப்புகளை ஒட்டவைக்கும் வேலையில் இறங்காதீர்கள், வடகிழக்குக்கு ஒன்று வடமேற்குக்கு ஒன்று எடுத்தால் போதும். வடமேற்கு மங்கல், பின்னணியைக் கழிப்பதில் கவனம் வேண்டும். நல்லவேளையாக விளிம்புக்கு வெளியே இருக்கும் வெற்று வானமும் அதே படத்தில் இருக்கும், பின்னணியை அங்கிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள். முக்கியமானது, 2000, 2001 வாக்கில் எடுத்த பழைய சந்திரா டேட்டாவாகப் பாருங்கள். சந்திராவின் கேமரா முன்னால் உள்ள வடிகட்டியில் வருஷாவருஷம் அழுக்குப் படலம் சேர்ந்துகொண்டே வருகிறது, ஆக்சிஜன் கோடு விழும் 0.57 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் பக்கம்தான் அது முதலில் விழுங்குவது. புதுசு நல்லது என்று நினைத்து 2020-க்கு அப்புறம் எடுத்ததை இறக்கினால் தேடிப்போன கோடு கரைந்துபோயிருக்கும். நமக்கும் எச்சத்துக்கும் இடையில் உள்ள வாயு இந்தத் திசையில் கேஸ் ஏ திசையில் உள்ளதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு என்பதால்தான் அந்தக் கோடு நம்மை வந்தடைகிறது, அதைக் கேமராவில் தொலைத்துவிடக் கூடாது.

சிக்னஸ் லூப் கிழவர். 20,000 வருஷ வாக்கில் வயசு, 2,400 ஒளியாண்டு தூரம், வானத்தில் 3 டிகிரி அகலம். அலையின் வேகம் சில நூறு கி.மீ.தான், எக்ஸ்-கதிர் எல்லாம் 0.2, 0.3 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் வெப்பநிலையில் மிருதுவாக வரும். வெடிப்பதற்கு முன் நட்சத்திரமே குடைந்து வைத்த பள்ளத்துக்குள் வெடித்து, இப்போது சுவரில் மோதுகிறது என்று ஒரு கட்சி, அப்படியெல்லாம் இல்லை என்று இன்னொரு கட்சி. எக்ஸ்-கதிருக்காக மட்டும் என்றால் நான் பரிந்துரைக்க மாட்டேன், ஒரு சந்திரா படம் அதில் ஒரு ஓரத்து நூல் அளவுக்குத்தான் காட்டும். ஆனால் காவலூர் ஆசை உள்ளவர்களுக்கு நான்கில் பொருத்தமானது இதுதான்: 1784-ல் வில்லியம் ஹெர்ஷல் கண்ணாலேயே பார்த்த ஒளியிழைகள், நம் ஊர்த் தலைக்கு மேலே வடக்கே சற்றுச் சாய்ந்து 70 டிகிரிக்கு மேல் ஏறும், மலைமேல் இருட்டில் ஆக்சிஜன் வடிகட்டி போட்ட எட்டு அங்குலத் தொலைநோக்கியிலேயே தெரியும். ஒரே இடத்தின் ஒளியிழைப் படத்தையும் எக்ஸ்-கதிர்ப் படத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, எங்கே அலை மேகத்தில் இடறி வேகம் இழந்தது என்று காட்டலாம். சிக்கல், அது உச்சிக்கு வருவது மழைக்காலத்தையொட்டி, ப்ராஜெக்ட் மாதங்களில் அது சூரியனோடு சேர்ந்து போய்விடும், படத்தை முந்தின வருஷமே எடுத்து வைத்திருக்க வேண்டும்.

வேலா எச்சத்தையும் சிலர் கேட்கிறார்கள், 2024 ஜனவரியில் ஈரோசிட்டா எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கியின் டேட்டா பொதுவில் வந்தபின் கொஞ்சம் அதிகமாகவே. 8 டிகிரி அகலம், அதன்மேலேயே பப்பிஸ் ஏ ஒரு பக்கம், வேலா ஜூனியர் இன்னொரு பக்கம். எந்த ஃபோட்டான் யாருடையது என்று பிரிப்பதற்குள் செமஸ்டர் போய்விடும்.

ஆக, லினக்ஸ் புதுசு, கைடும் புதுசு என்றால் டைக்கோ. கமாண்ட் லைன் ஓரளவு பழக்கம், பின்னணிக் கழிப்பில் ஒரு மாதம் செலவழிக்கப் பொறுமை உண்டு என்றால் எஸ்என் 1006. இரண்டு பேர் கூட்டு ப்ராஜெக்ட் என்றால் ஆளுக்கு ஒன்று எடுத்து அயனியாக்கக் காலத்தை (மேலே சொன்ன எலெக்ட்ரான் அடர்த்தி, காலப் பெருக்கலை) மட்டும் ஒப்பிடுங்கள், அது நான் இங்கே எழுதியதைவிட நல்ல ஒப்பீடாக இருக்கும்.

கைடு கேஸ் ஏ-தான் என்று பிடிவாதமாக நின்றால், மறுத்துப் பேசி நேரத்தை வீணாக்க வேண்டாம். 50,000 விநாடி அளவுள்ள ஒரே ஓர் அவதானிப்பை மட்டும் இறக்குங்கள், முழு எச்சத்தைத் தொடாமல் கிழக்கு ஓரத்தில் சில சின்ன முடிச்சுகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் சிலிக்கனும் இரும்பும் எந்த விகிதத்தில் இருக்கின்றன என்று மட்டும் பாருங்கள். அட்டையில் போட அழகான படமும் கிடைத்துவிடும், அவருக்கு வேண்டியதும் அநேகமாக அதுதான்.